திறந்து திறந்து மூடிய கல்

வீட்டில் எனக்கு நோஞ்சான் என்று பெயர். வயது இருபத்தைந்து. இருப்பது கடலுக்கு இந்தப் பக்கம், மீன் பெட்டி அடுக்கும் குளிர்க் கிடங்குக்கு மேலே உள்ள அறையில். விரல் மரத்துக் கிடப்பதால் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. அக்காவும் அத்தானும் பிள்ளைகளும் அடுத்த மாதம் ஊருக்குப் போகிறார்கள். நாற்சந்தியில் இறங்கும்போது அங்கே நிற்கும் போர் நினைவுச்சின்னத்தின் வரலாறு அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். படித்துவிட்டு யாரும் நினைவுச்சின்னக் குழுத் தலைவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் அவர் கையெழுத்தில்தான் ஓடுகிறது.

சித்தப்பா தையல்காரர். கடைத்தெருவில் சலூனுக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே அவர் கடை. உள்ளே உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும். அவருடைய அண்ணன் போருக்குப் போய்த் திரும்பி வரவில்லை. உடலும் வரவில்லை. ஒரு பை வந்தது. அதில் ஒரு சீப்பும் ஒரு பெல்ட்டும் இருந்தன. சித்தப்பா பெல்ட்டின் தேய்ந்த ஓட்டையை நாடாவால் அளந்து பார்த்து, இது அண்ணன் இடுப்பு இல்லை என்றார். பையைக் கொண்டுவந்தவர், அளவு சரியில்லையென்றால் மாற்றித் தர வழியில்லை என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். அந்த அண்ணன்தான் என் அப்பா. நான் அப்போது அம்மா வயிற்றில் இருந்தேன்.

ஊரில் இப்படிப் பை வந்த குடும்பங்கள் சேர்ந்து நாற்சந்தியில் ஒரு கல் நட்டார்கள். இடுப்பளவுக் கல். பேச்சு, மேடை எதுவும் கிடையாது. கல் கொத்துகிறவர் பதினொரு பெயர்களை, இறந்த வரிசைப்படி வெட்டினார். அப்பா கடைசியாகப் போனவர், அதனால் அவருக்குக் கீழ் வரிசையில் வலது மூலை கிடைத்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. சித்தப்பா சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து அந்தப் பெயரைச் சுற்றி வட்டம் போட்டார்.

"இதுதான் அண்ணன், அண்ணி."

அம்மா பள்ளிக்கூடம் பெருக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வரும்போது தினமும் அந்த மூலையில் விரலை வைப்பாள். எழுத்தின் பள்ளத்துக்குள் விரல் முதலிலிருந்து கடைசிவரை ஊர்ந்து போகும். பிறகு வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுவாள். சாக்கட்டி வட்டம் முதல் மழையிலேயே போய்விட்டது. விரலுக்கு அது தேவைப்படவில்லை.

இப்படி இரண்டு வருஷம் நிம்மதியாகப் போனது. பிறகு வட்டார நினைவுச்சின்ன அலுவலர் சோதனைக்கு வந்தார்.

அவர் கல்லைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், இதைத் திறந்து வைத்தது யார் என்று கேட்டார். சித்தப்பாதான் வாயைத் திறந்தார். இது மழையிலும் வெயிலிலும் எப்போதும் திறந்துதானே கிடக்கிறது என்றார். அலுவலர் இரக்கத்தோடு சிரித்தார். யாரும் திறந்து வைக்காத சின்னம் சட்டப்படி மூடிய சின்னம். மூடிய சின்னத்துக்குச் செலுத்திய மரியாதை செல்லாது. ஆகவே இந்த ஊர் இரண்டு வருஷமாகத் தன் வீரர்களுக்கு மரியாதையே செலுத்தவில்லை.

சித்தப்பா ஒரு அடி முன்னால் வந்தார். "அப்போ, சார், அவங்க செத்தது?"

அலுவலர் உண்மையாகவே யோசித்தார். "அது செல்லும். சாவு ராணுவத்தோட கணக்கு. என் இலாகா மரியாதை மட்டும்தான்."

அந்த வாரமே குழு அமைந்தது. மர மில் முதலாளி தலைவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் செயலாளர். பை வந்த குடும்பங்களிலிருந்து ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லை. காரணத்தைச் செயலாளர் தயங்காமல் சொன்னார்: துக்கப்பட்டவர்கள் கூட்டத்தில் அழுதுவிடுவார்கள், தீர்மானம் நிறைவேறாது.

ஒரு பொருளைத் திறக்க வேண்டுமானால் முதலில் அதை மூட வேண்டும். அந்த வேலை சித்தப்பா தலையில் விழுந்தது. அவர் அதைச் சுமையாக நினைக்கவில்லை. அண்ணனுக்கு அளவெடுத்து ஒரு சட்டைகூடத் தைத்துக் கொடுக்க வாய்க்காதவர், கல்லுக்கு அளவெடுத்துக் கருநீல வெல்வெட்டில் திரை தைத்தார். மாட்டிய அன்று தூரத்தில் நின்று, தோள்பட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

திரை மாட்டியாகிவிட்டது, திறக்க வேண்டிய சிறப்பு விருந்தினருக்குத்தான் தேதி கிடைக்கவில்லை. வெயில் காலம் போய் மழைக் காலம் வந்தது. கல் மூடியே கிடந்தது. அம்மா திரைக்கு அடியில் கையை விட்டாள். காவலுக்குப் போட்டிருந்த ஆள் ஓடி வந்து, திறக்காததைப் பார்க்கக் கூடாது என்று தடுத்தான்.

"நான் பாக்கலையேப்பா. தொட்டுக்கிறேன், அவ்வளவுதான்."

அவன் குழம்பிப்போய்க் குழுவிடம் கேட்டான். குழு இரண்டு கூட்டம் நடத்தி, தொடுவதும் பார்ப்பதில் அடங்கும் என்று தீர்மானம் போட்டது. அன்று கடையை அடைத்ததும் சித்தப்பா நேராகத் திரையிடம் போனார். தையல் பிரிந்திருக்கிறது என்று காவல்காரனிடம் சொல்லி, கீழ் வலது மூலையில் ஒரு வாய் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தார். ஜிப்பாவின் பக்கப் பைக்கு வைப்பது போல. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மறுநாளிலிருந்து அம்மா திரை ஓரமாகக் குந்தி இளைப்பாறுகிறவள் போல இருப்பாள். கை மட்டும் உள்ளே போய் அப்பாவைத் தொட்டுவிட்டு வரும்.

ஒருவழியாக விருந்தினர் வந்தார். திரை விலகியது. மௌன அஞ்சலி தொடங்கியது. செயலாளர் மைக்கைப் பிடித்து, மௌனத்தில் யார் யாரை எந்த வரிசையில் நினைக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டே வந்தார். நடுவில் விருந்தினரின் போன் அடித்தது. அந்த மௌனம் ரத்தாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அடுத்த மௌனத்தில் நாற்காலி கொடுத்து உதவியவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவதில் ஒரு கிழவர் இருமிவிட்டார், அவரை வெளியேற்றச் சத்தம் போட வேண்டியதாயிற்று. மௌனம் முடிந்தபோது குழுவில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

தலைவர் பேசினார். "அவங்க உயிரைக் கொடுத்தாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒரு தடவைதான் கொடுத்தாங்க. நாங்க வாரா வாரம் வேலையைப் போட்டுட்டு வந்து கூட்டம் போடுறோம். இதுல எது பெரிய தியாகம்னு நான் சொல்லக் கூடாது. நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

கைதட்டல் நன்றாக இருந்தது. சித்தப்பாவும் தட்டினார். பெயர் வெளியே வந்துவிட்டதே என்ற சந்தோஷம் அவருக்கு.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. சில வருஷம் கழித்து முதல் விருந்தினரைவிடப் பெரிய விருந்தினர் ஒருவர் அந்தப் பக்கம் வருவதாகத் தெரிந்தது. சின்னவர் திறந்ததைப் பெரியவர் திறக்க முடியாது. புதிதாகக் கல் நட நேரமும் இல்லை. குழு யோசித்து, இருக்கிற கல்லின் முகத்தில் ஒரு பளிங்குப் பலகையை ஒட்டியது. சித்தப்பாவுக்கு மறுபடியும் திரை வேலை வந்தது. துணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அளவு மட்டும் கொடுத்தார்கள்.

திரை விலகிய பிறகுதான் படித்தார். மேலே விருந்தினர் பெயர், தலைப்பாகை மாதிரி பெரிதாக. அதன் கீழே தலைவர், செயலாளர், உறுப்பினர்கள். நடுவில் ஒரே வரி: 'மற்றும் போரில் இறந்தோர்.' அதற்கும் கீழே பந்தல் உதவியவர், தேநீர் உதவியவர், கடைசியாக வலது மூலையில் மைக் செட் உதவியவர்.

அன்று சாயங்காலம் அம்மா வந்தாள். வழக்கமான மூலையில் விரலை வைத்து, முதலிலிருந்து கடைசிவரை மைக் செட்காரர் பெயரைத் தடவினாள். திரையை மடித்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்குக் கை ஓடவில்லை.

"எழுத்து மேலோட்டமா ஆயிடுச்சே தம்பி," என்றாள் அம்மா. "முன்ன ஆழமா இருக்கும். நான்தான் தினம் தொட்டுத் தொட்டுத் தேய்ச்சுட்டேனோ?"

"மழை அண்ணி," என்றார் சித்தப்பா. "மழையில தேயும்."

அதற்குப் பிறகு அம்மா தொடும்போது விரலை அழுத்தவில்லை. பெயரின் மேலே காற்றில் போகிற மாதிரி கொண்டுபோனாள், மிச்சம் தேயாமல் இருக்கட்டும் என்று. சித்தப்பா அதைக் கடையிலிருந்து பார்ப்பார். அன்றைக்கெல்லாம் அவர் தைக்கிற தையல் கோணிக்கொண்டு போகும். பலகையை எடுத்துவிடுங்கள் என்று கேட்க அவர் குழுவின் வாசலுக்கு நடையாய் நடந்தார். கேட்கிற ஒவ்வொரு தடவையும் அவரை உட்காரவைத்து, தலைவருக்கு இடுப்புப் பகுதியில் பேன்ட்டைக் கொஞ்சம் தளர்த்தித் தரச் சொல்லி அனுப்பினார்கள்.

கடைசியில் விஷயத்தை வெளியே கொண்டுவந்தவர் மைக் செட்காரர். ஒரு விதவை தினமும் வந்து தன் பெயரைத் தடவிக் கண்ணீர் விடுகிறாள் என்று அவருக்குக் காதில் விழுந்துவிட்டது. குழுவின் முன்னால் வந்து நின்றார்.

"நான் உசிரோட குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். என்னை நெனச்சு ஒருத்தங்க தினம் அழுவுறாங்க. நேத்துலேர்ந்து எனக்கு ஜுரம். இதுக்குப் பொறுப்பு யாரு?"

அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். செயலாளர் பொறுமையாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல, பலகையையும் பலகைக்குப் பின்னால் உள்ள கல்லையும் விளக்கினார். அம்மா கேட்டுக்கொண்டாள். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ அவர் எங்க?" என்றாள் அம்மா.

"உள்ள இருக்காரும்மா. முன்னயவிடப் பத்திரமா."

வெளியே வந்ததும் அம்மா சித்தப்பாவைத் திட்டவில்லை. "தேயலை இல்ல?" என்று மட்டும் கேட்டாள். சித்தப்பா தலையாட்டினார். அவ்வளவு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது என்று அவர் சொல்வார்.

மைக் செட்காரரின் உடல்நலம் கருதிக் குழு சின்னத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுப் பூட்டியது. வருஷத்துக்கு ஒரு நாள் திறக்கும், அன்றும் அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு. பை வந்த குடும்பங்களுக்கு அழைப்பிதழ் கிடைக்காது, அவர்கள் 'மற்றும்' என்பதில் அடங்கியிருந்தார்கள். அம்மா வேலிக்கு வெளியே நிற்பாள். கை எட்டாது. நான் பள்ளிக்கூடம் போகும் வயதில் என்னையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போய், அப்பா அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். அப்பா ஒல்லியான ஆள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா விடவில்லை. அவர் வாழ்க்கையில் வேறு பேராசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அண்ணி விரல் வைக்கிற இடத்தில் அண்ணன் பெயர் இருக்க வேண்டும், அதற்காக யார் காலைப் பிடிக்கவும் தயாராக இருந்தார். தலைவருக்கு அறுபதாம் கல்யாண சூட்டு, தலைவர் மகனுக்குக் கல்யாண சூட்டு, பேரனுக்குப் பள்ளிச் சீருடை என்று தைத்துத் தைத்துக் கேட்டார். ஒரு நாள் தலைவர் மனம் இளகிவிட்டார். சீக்கிரமே சின்னத்தைப் பெரிதாகப் புதுப்பிக்கப் போகிறார்களாம். அமைச்சரே வருகிறாராம்.

"பலகையைப் பேத்து உங்க பழைய கல்லை வெளிய எடுக்கிறோம்," என்றார் தலைவர். "வேலிக்கு வெளிய. முன்னாலேயே வைக்கிறோம். யாரு வந்தாலும், அமைச்சரே வந்தாலும், அதைத் தாண்டி ஒருத்தரும் மேல போக முடியாது. போதுமா?"

சித்தப்பா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். வாசலிலிருந்தே, அண்ணன் வெளியே வருகிறான் என்று சத்தமாகச் சொன்னார். சிறையிலிருந்து யாரோ வருகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

புதிய சின்னம் கோபுரமாக எழும்பியது. அதற்குத் திரை தைக்கக் கடைக்குள் இடம் போதவில்லை. சித்தப்பா தெருவில் துணியை விரித்து, மண்டியிட்டு ஊர்ந்து ஊர்ந்து தைத்தார். சைக்கிள்காரர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். பழக்க தோஷம், கீழ் வலது மூலையில் ஒரு வாயும் வைத்தார். திரை மாட்டிய அன்று, கூட்டம் சேர்வதற்கு முன்னால், வேலி திறந்திருந்த நேரத்தில், அம்மா அதில் கையை விட்டாள்.

"வழவழன்னு இருக்கு தம்பி. ஒண்ணுமே இல்லை."

"அது கோபுரம் அண்ணி. நம்ம கல்லைத் தனியா முன்னால வைக்கிறாங்க."

அமைச்சர் வந்து கயிற்றை இழுத்தார். கறுப்புக் கல்லில் தங்க எழுத்தில் தலைப்பு மின்னியது: 'நினைவுச்சின்னத்தின் வரலாறு.' முதலில் திறந்தவர், அடுத்துத் திறந்தவர், இப்போது திறப்பவர், அந்தந்தக் காலத்துக் குழுவினர், வேலி போட்டவர், வேலிக்கு வண்ணம் அடித்தவர். சித்தப்பா மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தார். போர் என்ற வார்த்தை அதில் எங்குமே இல்லை. பிறகு செயலாளரிடம் கேட்டபோது, வரலாறு நீண்டுவிட்டதால் காரணத்துக்கு இடம் போதவில்லை என்றார்.

"சார், எங்க பழைய கல்லு?"

"வீணாக்குவோமா? அந்தக் காலத்துக் கல்லு, இரும்பு மாதிரி. மூணாவது படியாப் போட்டிருக்கு."

சித்தப்பா படிகளைப் பார்த்தார். அமைச்சரும் அவர் ஆட்களும் அதன் வழியாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மேல எழுத்து ஒண்ணும் இல்லையே, சார்?"

செயலாளர் முகம் சுண்டியது. "எங்களை என்னன்னு நெனச்சே? அவங்க பேரை செருப்பு மிதிக்க விடுவோமா? மரியாதை தெரியாதவங்களா நாங்க? எழுத்துப் பக்கத்தைக் கவுத்துத்தான் போட்டிருக்கோம்."

கூட்டம் கலைந்த பிறகு அம்மா மூன்றாவது படிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். படிக்கல் கீழ்ப்படிக்கு மேலே கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது, அதன் அடியில் விரல் நுழைகிற அளவு சந்து. வலது மூலையில் விட்டுப் பார்த்தாள். வெறும் கல். சித்தப்பா சற்று யோசித்தார். துணியைத் திருப்பிப் போட்டால் வலது கை இடது கையாகிவிடும். "அந்த மூலை அண்ணி," என்று இடது பக்கம் காட்டினார்.

அம்மா அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து விரலை விட்டாள். விரல் உள்ளே மெல்ல ஊர்ந்தது.

"ரெண்டு எழுத்து கிடைக்குது தம்பி," என்றாள். "ஆழமா இருக்கு. தேயவே இல்லை."

படி வேலிக்கு வெளியே இருந்ததால் யாரும் தடுக்கவில்லை. ஒரு கிழவி களைத்துப்போய்ப் படியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். நான் கடல் தாண்டி வந்த பிறகு, போனில் அம்மா வேறு எதுவும் பெரிதாகச் சொல்ல மாட்டாள். சாப்பிட்டாயா என்பாள், குளிருகிறதா என்பாள், ரெண்டு எழுத்தும் இருக்கிறது என்பாள்.

போன மாதம்வரை இருந்தது. இப்போது அமைச்சரைவிடப் பெரிய ஒருவர் வருகிறார். படியின் அடியில் உள்ள சந்தில் அவருடைய ஷூ நுனி மாட்டினால் ஊர் மானம் போய்விடும் என்று குழு பயந்தது. சிமென்ட் வைத்து அடைக்க முடிவாயிற்று. சித்தப்பா கூட்டம் நடக்கும் இடத்துக்குப் போய், அந்த ஒரு மூலையை மட்டும் விட்டுவிடுங்கள், ஒரு விரல் போகிற இடம்தான் என்று கையெடுத்துக் கும்பிட்டார். யாரும் கோபப்படவில்லை. தலைவர் எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டார்.

"உங்க அண்ணன் நாட்டுக்காக முழு உசிரையும் விட்டாரு. உங்க அண்ணியால ரெண்டு எழுத்தை விட முடியாதா?"

கூட்டத்தில் இருந்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். அந்த வாசகம் நன்றாக இருப்பதாகச் செயலாளர் வரவேற்புரைக்குக் குறித்துக்கொண்டார். மறுநாள் கொத்தனார் வந்து சந்தை அடைத்துவிட்டுப் போனார்.

படிகளுக்குச் சிவப்புக் கம்பளம் விரிக்க வேண்டும். ஓரம் மடித்துத் தைக்கும் வேலை சித்தப்பாவுக்கே வந்தது. மறுத்திருக்கலாமே என்று அவரிடம் போனில் கேட்டேன். வேறு ஆள் தைத்தால் வாய் வைக்க மாட்டான் என்றார். மூன்றாவது படி வரும் இடத்தில், இடது மூலையில், ஓரம் மடித்து ஒரு வாய் வைத்திருக்கிறார். அதற்குக் கீழே சிமென்ட்தான் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். கம்பளம் விரித்ததிலிருந்து அம்மா தினமும் போய் அதில் கையை விட்டு உட்கார்ந்திருக்கிறாளாம். என்ன கிடைக்கிறது என்று கேட்டேன். சில்லென்று இருக்கிறது, அவ்வளவுதான் என்றாள். சிமென்ட் இன்னும் காயவில்லை என்று நினைக்கிறாள் போலிருக்கிறது.

என்னால் இங்கிருந்து வர முடியாது. ஆகையால் அக்கா, அத்தான், பிள்ளைகள், வேறு யார் இதைப் படித்தாலும் சரி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தச் சின்னத்துக்குப் போனால் மூன்றாவது படியில் கால் வைக்காமல் தாண்டி ஏறுங்கள். இடது ஓரத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தால், சிமென்ட் காய்ந்துவிட்டது என்று அவளிடம் சொல்லாதீர்கள்.